அளந்து ஊற்றிய எண்ணெய்



மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகின்ற ஒருவன் மோட்டார் வாகனத்தின் குளிர்சாதனத்தைப் பற்றியும், அதில் ஊற்றப்படும் எண்ணெயைப் பற்றியும் எழுதப் புகுந்தால், 'இவருக்கு எதற்கு இந்த வேலை?' என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. கல்லூரியில் நான் பயின்றது வரலாறு. ஸ்பானர் பிடித்துப் பழகிய கை அன்று என்னுடையது. ஆயினும் கடந்த ஓராண்டுக் காலத்தில் ஏறத்தாழ இருநூறு மில்லி எண்ணெயின் காரணமாக எங்கள் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால், இதை எழுதாமல் இருப்பதே தவறு என்று தோன்றுகிறது. இருநூறு மில்லி என்பது ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளரில் முதலில் நேர்ந்த குறையும், பின்னர் நேர்ந்த மிகையும் ஒரு வீட்டின் பிழைப்பையே அசைத்துவிட்டன.

என் தங்கையின் கணவர் நெடுங்காலம் ஷார்ஜாவில் ஓட்டுநராகப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். கையிலிருந்த சேமிப்போடு உறவினர்களிடம் பெற்ற கைமாற்றையும் சேர்த்து, ஏழு பேர் அமரக்கூடிய பழைய வண்டி ஒன்றை வாங்கி, முதலியார்பேட்டையிலிருந்து வாடகைக்கு ஓட்டி வருகிறார். ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகள், காரைக்காலுக்கும் நாகூருக்கும் குடும்பத்தோடு செல்வோர், சென்னை விமான நிலையத்திற்குச் செல்வோர் ஆகியோரே அவருடைய வாடிக்கையாளர்கள். வண்டியின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு கூலிங் காயில்கள் உண்டு. புதுவையின் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத வண்டிக்குச் சவாரி கிடைக்காது. ஆகவே அவருக்கு அது சொகுசு அன்று, சோறு.

முதல் விபரீதம் ஒரு சிறு கல்லால் வந்தது. முன்னால் சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல் கண்டென்சரில் பட்டு, அதில் ஊசித்துளை ஒன்று விழுந்தது. கண்டென்சர் என்பது வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினியச் சல்லடை. குளிர்ச்சி சிறிது சிறிதாகக் குறைந்தது. ஒரு பட்டறையில் காட்டினார். கண்டென்சரை மாற்றிக் கேஸ் நிரப்பி அனுப்பினார்கள். குளிர்ச்சி வந்தது, பணமும் போனது, எல்லாம் நலமே என்றிருந்தோம். இரண்டு மாதம் கழித்து, காரைக்காலிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் சீர்காழியைத் தாண்டியதும் கம்ப்ரஸர் அலறியது. பெல்ட் புகைந்தது. கைக்குழந்தையோடு வந்த அந்தக் குடும்பத்தை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாங்கிய வாடகையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மச்சான் வீடு வந்து சேர்ந்தார்.

கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது என்றார்கள். வேறொரு பட்டறையில் புதிய கம்ப்ரஸர் போட்டார்கள். அதன் விலை மதரஸா ஆசிரியனாகிய என் மாதச் சம்பளத்திற்கும் அதிகம். இம்முறை பட்டறைக்காரர், "போன தடவை எண்ணெய் போடாமல் விட்டதால்தான் இப்படி ஆயிற்று. நான் தாராளமாகப் போட்டிருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று தேறுதல் சொன்னார். தாராளம் என்ற சொல் அன்று எங்கள் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் குளிர்ச்சி பழைய நிலைக்கு வரவே இல்லை. வண்டி நிற்கும்போது வெப்பக் காற்று. ஓடும்போது அரைகுறைக் குளிர். அவ்வப்போது 'டக் டக்' என்று ஓர் ஓசை. மழைக்காலம் வரை தாக்குப் பிடித்த அந்தப் புதிய கம்ப்ரஸரும் பாழாகியது.

ஒரே ஆண்டில் இரண்டு கம்ப்ரஸர்கள். தங்கையின் கைவளையல்கள் அடகுக் கடைக்குச் செல்ல வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோதுதான், நானும் மச்சானோடு சேர்ந்து பட்டறை தேடப் புறப்பட்டேன்.

முதலியார்பேட்டையை அறிந்தவர்களுக்குக் கடலூர்ச் சாலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு மூடப்பட்டுவிட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் நெடிய மதில் இன்னும் அங்கே நிற்கிறது. போக்குவரத்துத் துறை அலுவலகமும் இப்பகுதியில் நூறடிச் சாலையில் இருப்பதால், வண்டி வேலை செய்யும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒரு சந்தினுள், தகரக் கூரையின் கீழ் தனியாக வேலை பார்க்கும் முதியவர் ஒருவரை மச்சானின் நண்பர் அடையாளம் காட்டினார். அவருடைய தந்தை அந்த ஆலையில் தறிகளுக்கு எண்ணெய் இடும் பணியில் இருந்தவராம்! எண்ணெய் இவர்களுக்குப் பரம்பரைத் தொழில் போலும்.

அவர் முதலில் செய்த காரியம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. கேஸை மீட்டெடுக்கும் இயந்திரத்தின் மூலம் குழாய்களிலிருந்த கேஸை உருளைக்குள் வாங்கிக்கொண்டார். கம்ப்ரஸரைக் கழற்றினார். பிறகு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஃபீடிங் பாட்டில் ஒன்றை எடுத்து வந்து, கம்ப்ரஸரைத் தலைகீழாகக் கவிழ்த்து, தட்டை அங்குமிங்கும் திருப்பித் திருப்பி, உள்ளிருந்த எண்ணெயை அதற்குள் வடித்தார். பாட்டிலின் மேலுள்ள கோடுகளைக் கண்ணாடியணிந்து நிதானமாகப் பார்த்தார். சுத்தமான எண்ணெய் தேன் போலத் தெளிவாக இருக்க வேண்டுமாம். இதுவோ சாம்பல் நிறத்தில் இருந்தது; வெயிலில் காட்டியபோது வெள்ளிப் பொடி தூவியது போல மின்னியது.

"பாய், இதில் மின்னுவது முதல் கம்ப்ரஸரின் எலும்பு" என்றார் அவர். "ஜாம் ஆனபோது உடைந்த உலோகத் தூள் குழாயெல்லாம் பரவியிருக்கிறது. அதைக் கழுவாமலே புதுக் கம்ப்ரஸரை மாட்டியிருக்கிறார்கள். அதோடு எண்ணெயும் தேவைக்கு மேல் கிடக்கிறது. இது எப்படிப் பிழைக்கும்?"

எண்ணெய் குறைந்தால் கெடும் என்பது எனக்குப் புரிந்தது. மிகுந்தால் எப்படிக் கெடும்? இதைத்தான் நான் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதையும், பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இணைத்து உங்களுக்குக் கூறுகிறேன். சற்றுப் பொறுமையோடு படியுங்கள்.

வண்டியின் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. அளவு பார்க்க ஒரு குச்சி உண்டு. குறைந்தால் ஊற்றலாம். ஏ.சி.யில் இந்த இரண்டும் இல்லை. பெரும்பாலான கார் கம்ப்ரஸர்களில் தனித் தொட்டி கிடையாது. எண்ணெய் கேஸோடு கலந்து ஊர்வலம் போகிறது. கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்கும், அங்கிருந்து டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும், அதனைத் தாண்டிக் கூலிங் காயிலுக்கும் சென்று, மீண்டும் கம்ப்ரஸருக்கே திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி வரும் எண்ணெய்தான் கம்ப்ரஸரின் உயிர். ஓடும் வழியில் ஒவ்வோர் உறுப்பும் தன் பங்காகச் சிறிது எண்ணெயைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. பாகப்பிரிவினைச் சட்டம் நடத்தும் எனக்கு இந்தப் பங்கு முறை எளிதில் விளங்கியது. மொத்தச் சொத்து மாறாது. ஒருவர் கையில் கூடினால் மற்றொருவர் கையில் குறைந்திருக்க வேண்டும்.

மொத்த அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். சிறிய கார்கள் பலவற்றில் அது நூறு முதல் நூற்றைம்பது மில்லி வரை. பின்புறமும் கூலிங் காயில் உள்ள வண்டிகளில் இருநூறும் அதற்கு மேலும் ஆகும். எங்கள் வண்டிக்குத் தயாரிப்பாளர் குறித்த அளவு 200 மில்லி.

இப்போது குறைவைப் பாருங்கள். கண்டென்சரில் துளை விழுந்து கேஸ் கசிந்தபோது, கேஸ் மட்டும் தனியே வெளியேறவில்லை. எண்ணெயும் கூடவே போயிற்று. கசிவுள்ள இடத்தில் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் காணப்படுவது இதனால்தான். அனுபவமுள்ள மெக்கானிக் அந்தக் கறையைப் பார்த்தே துளையைக் கண்டுபிடிப்பார். பழைய கண்டென்சரைக் கழற்றி எறிந்தபோது அதனுள் தங்கியிருந்த பங்கும் குப்பைக்குப் போயிற்று. புதிய கண்டென்சர் உலர்ந்த வயிற்றோடு வந்து, மிச்சமிருந்த எண்ணெயிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது. முதல் பட்டறையில் கேஸை நிரப்பினார்களே ஒழிய, எண்ணெயை நிரப்பவில்லை. விளைவு சீர்காழிச் சாலையில் தெரிந்தது.

இனி மிகுதியைப் பாருங்கள். மிகுதியான எண்ணெய் குழாய்களின் உட்சுவரில் படலமாகப் படிகிறது. கண்டென்சர் வெப்பத்தை வெளியே விடுவதையும், கூலிங் காயில் அறையின் வெப்பத்தை உள்ளே வாங்குவதையும் அந்தப் படலம் தடுக்கிறது. போர்வை போர்த்திக்கொண்டு விசிறியின் கீழ் உட்கார்ந்ததற்கு ஒப்பாகும் இது. அழுத்தம் ஏறுகிறது, குளிர்ச்சி குறைகிறது, கம்ப்ரஸர் மேலும் மேலும் உழைக்கிறது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. கம்ப்ரஸர் வாயுவை அழுத்துவதற்காக அமைந்த கருவி. வாயு நசுங்கும், திரவம் நசுங்காது. தேங்கிய எண்ணெய் திரளாக உள்ளே நுழையும்போது வால்வுத் தகடுகளும் பிஸ்டனும் அடிபடுகின்றன. நாங்கள் கேட்ட 'டக் டக்' ஓசைக்கு அதுவும் ஒரு காரணம் என்றார் பெரியவர்.

இரண்டாம் பட்டறைக்காரர் செய்த தவறு நல்லெண்ணத்தால் விளைந்தது. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். புதிய கம்ப்ரஸர்கள் பல, தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஊற்றப்பட்டு வருகின்றன. சில காலியாக வருகின்றன. சிலவற்றில் மொத்த வண்டிக்கும் தேவையான முழு அளவும் இருக்கும். எங்களுக்கு வந்தது முழு அளவோடு வந்தது. அவர் அதை வடித்துப் பார்க்காமலேயே மாட்டி, மேலும் ஒரு நூறு மில்லி டப்பாவையும் கவிழ்த்திருக்கிறார். பழைய எண்ணெயின் மிச்சமும் குழாய்களில் இருந்தது. ஆக, தேவை 200. உள்ளே கிடந்ததோ 300க்கும் மேல்.

அப்படியானால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை எப்படி அறிவது? நாங்கள் அங்கே இருந்தபோதே இதற்கு ஓர் உதாரணம் வந்து சேர்ந்தது. சிறிய கார் ஒன்று, கம்ப்ரஸர் பேரிங் சத்தமிட்டதே தவிர, உள்ளே எதுவும் உடையவில்லை, கசிவும் இல்லை. பெரியவர் பழைய கம்ப்ரஸரை ஃபீடிங் பாட்டிலில் வடித்தார்: 55 மில்லி, தெளிவான எண்ணெய். புதிய கம்ப்ரஸரை வடித்தார்: 120 மில்லி. அந்த வண்டியின் மொத்த அளவும் 120தான். பழையதில் 55 இருந்ததென்றால், மீதி 65 குழாய்களிலும் கண்டென்சரிலும் காயிலிலும் இருக்கிறது என்பது பொருள். புதியதை அப்படியே மாட்டியிருந்தால் மொத்தம் 185 ஆகியிருக்கும். அவர் புதிய எண்ணெயில் 55 மில்லியை மட்டும் அளந்து கம்ப்ரஸருக்குள் ஊற்றினார். டிரையரையும் மாற்றியதால் அதன் பங்காக இன்னும் சிறிது சேர்த்தார். மீதியை ஓரமாக வைத்துவிட்டார். எடுத்த அளவை அளந்தவனுக்குத்தான் இடும் அளவு தெரியும். இதைச் செய்ய அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஃபீடிங் பாட்டிலும் பத்து நிமிடப் பொறுமையும்.

எங்கள் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உலோகத் தூள் கலந்த எண்ணெயின் பங்கை மதிப்பிட்டுப் பயன் இல்லை; முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். குழாய்களையும் கூலிங் காயில்களையும் அதற்குரிய திரவத்தால் கழுவி, அந்தத் திரவத்தின் ஈரம் சிறிதும் தங்காமல் நைட்ரஜன் வாயுவால் ஊதி உலர்த்தினார். கழுவிய திரவம் உள்ளே தங்கினால் அது புதிய எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். கண்டென்சரைக் கழுவ அவர் முயலவே இல்லை. இக்காலக் கண்டென்சர்களின் உட்குழல்கள் மயிரிழை போன்று மெல்லியவை. பக்கம் பக்கமாகப் பல ஓடுகின்றன. ஒன்று அடைத்திருந்தால் கழுவும் திரவம் அடுத்த குழலின் வழியே போய்விடும்; அடைப்பு அப்படியே நிற்கும். ஆகவே கண்டென்சர் புதிது, டிரையர் புதிது, எக்ஸ்பான்ஷன் வால்வுகள் இரண்டும் புதிது, இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகள் எல்லாம் புதியவை என்றார். மச்சானின் முகம் வாடியது. "பாய், இதில் ஒன்றை விட்டாலும் நான்காவது கம்ப்ரஸருக்கு நீங்கள் வந்து நிற்பீர்கள். அப்போது என் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும், உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டும்" என்றார் பெரியவர். வேறு பேச்சு எழவில்லை.

எல்லாம் காலியாகவும் உலர்ந்தும் இருக்கும்போது மொத்த அளவும் புதிதாக ஊற்றப்பட வேண்டும். 200 மில்லியை அளந்து, அதைக் கம்ப்ரஸர், கண்டென்சர், டிரையர், இரு காயில்கள் ஆகியவற்றிற்குப் பங்கிட்டு ஊற்றினார். பிறகு கம்ப்ரஸரின் முன்தட்டைக் கையாலேயே பத்துப் பதினைந்து முறை சுற்றினார். உள்ளே தேங்கிய எண்ணெய் எஞ்சின் இயங்கிய முதல் நொடியிலேயே பிஸ்டனில் மோதாமல் இருக்க இது உதவும். இந்தச் சிறு செயலைத் தவிர்ப்பவர்களே அதிகமாம்.

இது நிற்க. எவ்வளவு என்பதைப் போலவே, எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வரலாறு படித்தவன் என்பதால் அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு வண்டிகளில் குளிர்சாதனம் தருவதாக அறிவித்தது. அந்தக் கருவியை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, இறங்கி, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! அக்காலம் தொட்டு 1990களின் தொடக்கம் வரை வண்டிகளில் நிரப்பப்பட்டது ஆர் 12 என்னும் கேஸ். 1928இல் தாமஸ் மிட்ஜ்லியும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது அது. எரியாது, நாற்றமில்லை, நச்சில்லை என்று உலகம் கொண்டாடியது. அதனோடு சாதாரணக் கனிம எண்ணெய் நன்கு கலந்து ஊர்வலம் போனது. 1974இல் மொலினா, ரௌலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்வகைக் கேஸ்கள் வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினர். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் அந்தப் படலம் மெலிந்திருப்பது வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை கண்டன. இந்தியா அதில் 1992இல் சேர்ந்தது. 2008இல் இக்கேஸ்களின் உற்பத்தியை நிறுத்தியது.

அதற்கு மாற்றாக வந்த ஆர் 134ஏ என்னும் கேஸ் ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அதற்குக் கனிம எண்ணெயோடு ஒட்டுறவு கிடையாது. கலக்காத எண்ணெய் கேஸோடு பயணம் செய்யாமல் வழியிலேயே தங்கிவிடும், கம்ப்ரஸருக்குத் திரும்பாது. ஆகவே பி.ஏ.ஜி. என்னும் செயற்கை எண்ணெய் புகுத்தப்பட்டது. அதிலும் 46, 100, 150 என்று தடிப்பு வேறுபாடுகள் உண்டு. எண் ஏற ஏற எண்ணெய் தடிக்கும். எது வேண்டும் என்பது கம்ப்ரஸரின் மேலுள்ள சீட்டிலேயே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். 'ஏ.சி. எண்ணெய்தானே, எல்லாம் ஒன்றுதான்' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மின்சார வண்டிகளும் ஹைபிரிட் வண்டிகளும் பெருகி வருகின்ற இக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அவற்றின் கம்ப்ரஸருக்குள்ளேயே உயரழுத்த மின்மோட்டார் இருக்கிறது. கேஸும் எண்ணெயும் அந்த மோட்டாரின் கம்பிச் சுருள்களைத் தழுவிக்கொண்டே ஓடுகின்றன. ஆகையால் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. என்னும் வேறு வகை எண்ணெய் அவற்றிற்கு வைக்கப்பட்டுள்ளது. அதில் பி.ஏ.ஜி. சிறிது கலந்தாலும் மின்காப்பு கெடும். வண்டி பழுதாவதோடு வேலை செய்பவருக்கும் ஆபத்து. பழைய வண்டிக்குப் பயன்படுத்திய குழாய்களையும் பாட்டிலையும் கொண்டு இவற்றில் கை வைப்பது கூடாது.

பி.ஏ.ஜி. எண்ணெய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது தாகத்தோடு குடிக்கும். கடலோரமான நம் புதுவைக் காற்றில் ஈரத்திற்குக் குறைவா? மூடி திறந்து கிடந்த டப்பாவின் எண்ணெயை ஊற்றினால் எண்ணெயோடு நீரையும் ஊற்றியதாகவே கொள்ள வேண்டும். உட்சென்ற ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய வாயில் பனிக்கட்டியாகி அடைக்கும். கேஸோடு வினைபுரிந்து அமிலமாகி உறுப்புகளை அரிக்கும். பெரியவர் சிறிய டப்பாக்களையே வாங்குகிறார். திறந்த டப்பாவில் மிஞ்சியதை மறுநாள் எந்த வண்டிக்கும் ஊற்றுவதில்லை. எல்லாவற்றையும் பூட்டிய பின், வாக்குவம் பம்பை மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டார். காற்றழுத்தம் இல்லாத இடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியைப் பம்பு இழுத்துக்கொள்ளும். ஆனால் எண்ணெய் ஒருமுறை குடித்துவிட்ட நீரை வெளியே இழுப்பது பம்புக்கும் கடினம். பிறகு பம்பை நிறுத்திவிட்டுத் தேநீர் வரவழைத்தார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை கேஜ் முள் அசையவில்லை. எங்கும் கசிவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பின்னரே கேஸை எடை போட்டு நிரப்பினார்.

கேஸை மீட்டெடுத்து உருளையில் வைத்ததைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில் குழாயைத் தளர்த்தி அதைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள். ஆர் 134ஏ ஓசோனைக் கெடுக்காவிட்டாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. 2016இல் கிகாலி நகரில் இத்தகைய கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன. 2021இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது. அன்றியும், திடீரென்று திறந்துவிடும்போது வேகமாகச் சீறும் கேஸ் எண்ணெயையும் வாரிக்கொண்டு போகும். எவ்வளவு போனது என்பதை எவரும் அளக்க முடியாது. அங்கேயே கணக்குத் தப்பிவிடுகிறது. மெதுவாக மீட்டெடுக்கும் இயந்திரத்தில் கூட வந்த எண்ணெய் தனிக் குப்பியில் வடியும்; அந்த அளவையும் சேர்த்தே பெரியவர் கணக்கிடுகிறார்.

வண்டி வைத்திருக்கும் சகோதரர்களே! பட்டறையில் நின்றுகொண்டு மெக்கானிக்குக்குப் பாடம் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கும் பிடிக்காது. உங்களுக்கும் நன்மை தராது. ஆனால் பழைய கம்ப்ரஸரிலிருந்து எவ்வளவு எண்ணெய் வந்தது, அது என்ன நிறத்தில் இருந்தது, புதியதில் எவ்வளவு இருந்தது, கடைசியில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று இனிமையாகக் கேட்கலாம். எண்களாகப் பதில் வந்தால் அவர் வேலை தெரிந்தவர். 'போதிய அளவு போட்டாயிற்று' என்று வந்தால் சற்று யோசியுங்கள். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே ஓதியறிவது. அரிசிக் கடையில் படியைக் கண்ணால் பார்க்கிறோம். இங்கே படியும் நமக்குத் தெரியாது, பொருளும் தெரியாது. எல்லாம் குழாய்க்குள் மறைந்துவிடுகிறது. கேட்டால்தான் உண்டு.

கேஸ் குறைந்த நிலையில் ஏ.சி.யை ஓட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸ் குறைந்தால் எண்ணெயைச் சுமந்து வர ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கம்ப்ரஸரைக் காப்பதற்காகவே ஓர் அழுத்த சுவிட்ச் அதைத் தானாக நிறுத்துகிறது. 'சுவிட்ச் கெட்டுவிட்டது, வயரை நேராகக் கொடுத்துவிடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவரை விட்டு விலகிவிடுங்கள். மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யை இயக்குவது நல்லது. கம்ப்ரஸரின் அச்சிலுள்ள ரப்பர் சீல் எண்ணெயில் நனைந்து உலராமல் இருக்கும்.

பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு விசாவை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. 2025ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாரிக்கப்படும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. வெயிலில் வெந்துகொண்டு ஓட்டிய நம் சகோதரர்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்த லாரிகளும் நாளை பட்டறைக்கு வரும். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு இரண்டாண்டுப் படிப்பு. பெரியவருக்கு இப்போது கையாள் எவரும் இல்லை. "சொல்லிக் கொடுக்கத் தயார். பையன்கள் இரண்டு மாதத்திலேயே கேஸ் நிரப்பக் கற்றுக்கொண்டு தனியாகப் போய்விடுகிறார்கள். எண்ணெய் அளக்க மட்டும் எவனும் நிற்பதில்லை" என்று அவர் சொன்னார்.

வண்டியை எடுக்கச் சென்ற அன்று, குளிர்ந்த காற்று பின் இருக்கை வரை வந்தது. தங்கையின் வளையல்கள் அடகுக்குப் போகத்தான் செய்தன. அவற்றை மீட்க இன்னும் நான்கு மாதமாவது ஓட்ட வேண்டும் என்று மச்சான் கணக்குப் போட்டிருக்கிறார். பெரியவர் பானெட்டைத் திறந்து, உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். தேதி; கேஸின் பெயரும் எடையும்; அதன் கீழே எண்ணெயின் வகை; அதற்கும் கீழே, '200 மில்லி'. "அடுத்து எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைக் காட்டுங்கள், பாய்" என்று சொல்லிவிட்டு, ஃபீடிங் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.